ஹாக்ஸ் ஜீன் 'மாஸ்டர் சுவிட்ச்' ஆமே! யார் சொன்னது?

உயிரியல் படிக்கும் எந்த மாணவரையும் நடுராத்திரியில் எழுப்பி "ஹாக்ஸ் ஜீன் என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். கண்ணைக்கூடத் திறக்காமல் பதில் வரும்: "உடலின் எந்தக் கண்டம் என்னவாக வளர வேண்டும் என்று தீர்மானிக்கும் மாஸ்டர் சுவிட்ச்." இதற்கு இரண்டு மார்க். பக்கத்திலேயே நான்கு இறக்கை ஈயின் படத்தையும் வரைந்துவிட்டால் ஐந்து மார்க். பேப்பர் திருத்துபவருக்கும் சந்தோஷம், எழுதியவருக்கும் சந்தோஷம்.

அந்த ஈக்கு மட்டும் சந்தோஷம் இல்லை. அதால் பறக்க முடியாது!

இந்த விஷயத்தைப் படத்துக்குக் கீழே யாரும் எழுதுவதில்லை. மேற்கொண்டு போவதற்கு முன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாதாரண பழ ஈக்கு இரண்டே இறக்கைகள். அவை இரண்டாவது மார்புக் கண்டத்தில் இருக்கின்றன. மூன்றாவது மார்புக் கண்டத்தில் இறக்கைக்குப் பதிலாக 'ஹால்டியர்' என்ற, முரசுக் குச்சி போன்ற ஒரு சின்ன உறுப்பு. பறக்கும்போது உடம்பு நிலைகுலையாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. எட் லூயிஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி அல்ட்ராபைதோராக்ஸ் ஜீனில் சில பிறழ்வுகளை ஒன்றுசேர்த்து, ஹால்டியர் இருக்கவேண்டிய இடத்தில் இன்னொரு ஜோடி இறக்கை முளைத்த ஈயை உருவாக்கினார். இந்த வகை ஜீன்களைப் பற்றி 1978-ல் அவர் எழுதிய கட்டுரை ஒரு மைல்கல். 1995-ல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்தப் பரிசை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு ஜீன் தொகுப்பு உடலின் முன்-பின் வரிசையோடு இணைந்து வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தது சின்ன விஷயமா என்ன?

சிக்கல் லூயிஸிடம் இல்லை. அவர் கண்டுபிடித்ததை 'மாஸ்டர் சுவிட்ச்' என்ற இரண்டு வார்த்தையில் அடைத்து, அதோடு கதை முடிந்தது என்று கடையைக் கட்டிவிடும் நோட்ஸ்களிடமும், கைடுகளிடமும், ஞாயிற்றுக்கிழமை அறிவியல் பக்கங்களிடமும்தான் சிக்கல். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும். அதே சுவிட்ச் ஒரு அறையில் விளக்கை ஏற்றி, இன்னொரு அறையில் விளக்கை உடைத்து, மூன்றாவது அறையில் ஒன்றுமே செய்யாமல் இருந்தால் அதற்குப் பெயர் சுவிட்சா? ஹாக்ஸ் ஜீன்கள் பூச்சிகளின் நரம்பு மண்டலத்தில் செய்வது ஏறக்குறைய இதைத்தான்.

முதலில் அந்த ஈ ஏன் பறக்கவில்லை? 1994-ல் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் விஜயராகவன் குழுவினரும் லூயிஸும் சேர்ந்து (ஆமாம், அதே லூயிஸ்) நான்கு இறக்கை ஈயின் தசைகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். வெளித்தோல் மாறிய அளவுக்கு உள்ளே தசை மாறவில்லை. கூடுதல் இறக்கை வந்தது, அதை அடித்துப் பறப்பதற்கான தசை ஒழுங்காக வரவில்லை. அதாவது 'கண்டத்தின் அடையாளம்' என்று ஒரே பொட்டலமாகச் சொல்லப்படுகிற விஷயம் ஒரே பொட்டலம் அல்ல. தோல் ஒரு கணக்கு, தசை ஒரு கணக்கு.

நரம்பு? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

பூச்சியின் கருவில் வயிற்றுப்புறமாக ஒவ்வொரு கண்டத்திலும் நரம்புத் தாய்ச்செல்கள் தோன்றுகின்றன. நியூரோபிளாஸ்ட் என்று பெயர். 1976-ல் மைக்கேல் பேட் வெட்டுக்கிளிக் கருவை எடுத்துக்கொண்டு இவற்றுக்கு ஒரு வரைபடமே போட்டார். ஒவ்வொரு கண்டத்திலும் பக்கத்துக்குச் சுமார் 30 நியூரோபிளாஸ்ட்கள், வரிசை வரிசையாக, சதுரங்கக் கட்டம் போல. நடுவில் தனியாக ஒன்று. மார்பானாலும் வயிறானாலும் கிட்டத்தட்ட அதே கட்டம், அதே இடங்கள். எனவே ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் கொடுத்துக் கூப்பிட முடிந்தது: 1-1, 5-6, 6-4, 7-3 என்று. சினிமா தியேட்டர் சீட் நம்பர் மாதிரி. 1984-ல் பழ ஈயிலும் இதே திட்டம்தான் என்று தெரியவந்தது. வெட்டுக்கிளியும் ஈயும் பரிணாமப் பாதையில் பிரிந்து எத்தனையோ கோடி ஆண்டுகள் ஆன பிறகும் கட்டம் மாறவில்லை.

ஒவ்வொரு நியூரோபிளாஸ்டும் சமமில்லாமல் பிரியும். பெரிய பாதி நியூரோபிளாஸ்டாகவே தொடரும். சின்ன பாதி இன்னொரு முறை மட்டும் பிரிந்து இரண்டு செல்களாகும். இப்படியே வரிசையாகப் பிள்ளைகள். ஒரு தாய்ச்செல்லுக்குப் பிறந்த மொத்தக் கூட்டமும் ஒரு வம்சம்.

ஆரம்பம் இப்படி எல்லாக் கண்டத்திலும் ஒரே அச்சு. முடிவில்? வெட்டுக்கிளியின் ஒரு மார்பு நரம்புத் திரளில் 2000-க்கும் மேற்பட்ட நரம்புச் செல்கள், ஒரு வயிற்று நரம்புத் திரளில் சுமார் 500. காலும் இறக்கையும் மார்பில் இருக்கின்றன, வயிற்றில் இல்லை. அதனால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் கேள்வி 'ஏன்' என்பது அல்ல, 'எப்படி' என்பது. ஒரே எண்ணிக்கைத் தாய்ச்செல்களில் தொடங்கி எப்படி இந்த வித்தியாசம் வந்தது? நோட்ஸில் பதில் ரெடி: ஹாக்ஸ் ஜீன் தீர்மானித்தது. சரி, எப்படித் தீர்மானித்தது? அங்கே நோட்ஸ் முடிந்துவிடும்.

6-4 எண் நியூரோபிளாஸ்டைப் பாருங்கள். பழ ஈயின் மார்பில் இது பிரிந்து நரம்புச் செல்களையும் தரும், நரம்புக்குத் துணையாக இருக்கும் கிளையா செல்களையும் தரும். வயிற்றில் அதே 6-4 ஒரே ஒரு முறை, சமமாகப் பிரிந்து இரண்டு கிளையாவை மட்டும் தந்துவிட்டு வேலையை முடித்துக்கொள்ளும். நரம்புச் செல் ஒன்றுகூடக் கிடையாது. 2005-ல் ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகமும் ஹைதராபாத் சி.சி.எம்.பி.யில் இருந்த ஷஷிதரா குழுவினரும் சேர்ந்து இதற்குக் காரணம் கண்டுபிடித்தார்கள். வயிற்றில் அப்டாமினல்-ஏ, அப்டாமினல்-பி என்ற இரண்டு ஹாக்ஸ் ஜீன்கள் சைக்ளின்-ஈ என்ற புரதத்தின் உற்பத்தியை அடக்கிவைக்கின்றன. மார்பு 6-4-ல் சைக்ளின்-ஈ இல்லாமல் செய்தால் அது வயிற்று 6-4 போல நடந்துகொள்கிறது; வயிற்று 6-4-க்குச் சைக்ளின்-ஈயைக் கொடுத்தால் அது நரம்புச் செல் பெறுகிறது! (இவ்வளவு அழகான சோதனை, பாதி நம்ம ஊரில் நடந்தது. எத்தனை வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?)

இதைப் படித்துவிட்டு, "ஆக, வயிற்று ஹாக்ஸ் ஜீன் என்றால் நரம்பைக் குறைத்து கிளையாவைக் கொடு என்று அர்த்தம்" என்று சூத்திரம் எழுதப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். 1-1 எண் நியூரோபிளாஸ்ட் வயிற்றில் நரம்பு, கிளையா இரண்டையும் தருகிறது. மார்பில் நரம்பு மட்டும். நரம்புச் செல்லை வயிற்றிலும் அது கைவிடவில்லை. 5-6 வேறு மாதிரி. மார்பில் அது 20 செல் கொண்ட பெரிய வம்சம். கடைசியாகப் பிறக்கும் நான்கு செல்கள் விசேஷமானவை, மார்பில் மட்டுமே இருப்பவை. வயிற்றில் 5-6 பாதி வழியிலேயே பிரிவதை நிறுத்திவிடுகிறது. அந்த நான்கு பேரும் பிறக்கவே இல்லை. இங்கே வயிற்று ஹாக்ஸ் ஜீன்கள் செய்தது செல்லின் வகையை மாற்றியது அல்ல. கடையைச் சீக்கிரம் மூடவைத்தது.

இன்னொரு விஷயமும் 5-6-ல் இடிக்கிறது. லூயிஸ் காலத்திலிருந்து வருகிற ஒரு பாடம், இரண்டாம் மார்புக் கண்டம்தான் அடிப்படை நிலை, ஹாக்ஸ் ஜீன் எதுவும் குறுக்கிடாவிட்டால் அதுதான் வரும் என்பது. 6-4-க்கு இது சரியாகப் பொருந்துகிறது: வயிற்று ஹாக்ஸ் ஜீன்களை எடுத்துவிட்டால் மார்பு மாதிரி ஆகிவிடும். ஆனால் 5-6-ன் அந்த நான்கு மார்புச் செல்கள் உருவாக ஆன்டெனபீடியா என்ற ஹாக்ஸ் ஜீன் அவசியம் என்று 2010-ல் ஸ்வீடனில் ஸ்டெஃபான் தோர் குழு காட்டியது. ஒரே கண்டத்தில், ஒரு வம்சத்துக்கு மார்பு நிலை சும்மா இருந்தால் வருவது. இன்னொரு வம்சத்துக்குக் கஷ்டப்பட்டுச் சம்பாதிக்க வேண்டியது.

இனி சாவுக் கதை.

கருவிலிருந்து புழு வெளிவரும் நேரத்தில், பழ ஈயின் மார்பில் பக்கத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட நியூரோபிளாஸ்ட்கள் உயிரோடு மிஞ்சுகின்றன. நடு வயிற்றுக் கண்டங்களில் மிஞ்சுபவை பக்கத்துக்கு மூன்றே மூன்று. 1988-ல் ஜேம்ஸ் ட்ரூமனும் அதே மைக்கேல் பேட்டும் எண்ணிச் சொன்ன கணக்கு இது. மார்பில் ஒவ்வொரு தாயும் புழுப் பருவத்தில் சுமார் நூறு செல் பெறுகிறது. வயிற்று மூவரும் பத்துப் பன்னிரண்டைத் தாண்டுவதில்லை. ஏனென்றால் புழுப் பருவத்தின் கடைசிக் கட்டத்தில் அவற்றுக்குள் அப்டாமினல்-ஏ புரதம் குப்பென்று தோன்றுகிறது. தோன்றியதும் அவை தற்கொலை செய்துகொள்கின்றன. 2003-ல் வெளியான முடிவு. அந்தச் சாவைத் தடுத்தால் நியூரோபிளாஸ்ட்கள் பாட்டுக்குப் பிரிந்துகொண்டே இருக்கும், வயிற்றில் தேவைக்கு மேல் நரம்புச் செல்கள் குவியும்.

ஆக அப்டாமினல்-ஏ ஒரு கொலைகாரன்? அதுவும் இல்லை. அதே வயிற்றில் தோல் செல்லில் அப்டாமினல்-ஏ இருக்கிறது, பிறந்து முதிர்ந்த நரம்புச் செல்களில் இருக்கிறது, அவையெல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. பூச்சியின் நீண்ட இதயக் குழாயின் பின்பகுதி இதயமாக உருவாவதற்கே இதே ஜீன்தான் வேண்டும். ஒரு இடத்தில் இதயம் கட்டுகிறது, பக்கத்திலேயே தாய்ச்செல்லைச் சாகடிக்கிறது!

2015-ல் வந்த ஒரு ஆய்வு இதைவிட வேடிக்கை. நியூரோபிளாஸ்டுக்கு அந்த அப்டாமினல்-ஏ வர வேண்டிய நேரத்தைச் சொல்வதில் அதன் பிள்ளைகளுக்கே பங்கு இருக்கிறது. பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மகள் செல்களின் மேல்பரப்பில் உள்ள டெல்டா புரதம், தாயின் நாட்ச் புரதத்தைத் தூண்டுகிறது, அது அப்டாமினல்-ஏ வரவழைக்க உதவுகிறது, தாய் சாகிறது. 'மாஸ்டர்' என்று பட்டம் கட்டிய ஜீனுக்கே எப்போது விழிக்க வேண்டும் என்று கீழே இருப்பவர்கள் சொல்கிறார்கள் என்றால் யார் மாஸ்டர், யார் வேலையாள்?

அப்டாமினல்-பி இன்னும் ஒரு படி மேலே. கருவில் எல்லாக் கண்டத்திலும் டிஎம்பி-2 என்று ஒரு முன்னோடி நரம்புச் செல் பிறக்கும்; மற்ற செல்கள் நீள வேண்டிய பாதையை முதலில் போட்டுக்கொடுப்பது அதன் வேலை. வேலை முடிந்ததும் முன்புறக் கண்டங்களில் அது செத்துவிடும். பின்புற வயிற்றுக் கண்டங்களில் மட்டும் சாகாமல் பிழைத்து, பின்குடலுக்கு நரம்பு நீட்டும். பிழைக்கவைப்பது அப்டாமினல்-பி. 2004-ல் காட்டப்பட்டது. அதாவது ஒரு வயிற்று ஹாக்ஸ் ஜீன் கொல்கிறது, அடுத்த வீட்டு ஹாக்ஸ் ஜீன் காப்பாற்றுகிறது. 7-3 நியூரோபிளாஸ்டுக்குப் பிறக்கும் ஒரு இயக்க நரம்புச் செல்லிலோ அல்ட்ராபைதோராக்ஸ் கொல்லப் பார்க்க, ஆன்டெனபீடியா காப்பாற்றப் பார்க்கிறது. எந்தக் கண்டத்தில் யார் கை ஓங்குகிறதோ அதன்படி வாழ்வோ சாவோ. இரண்டுமே 'கண்ட அடையாளம்' தரும் ஜீன்கள்தான்!

பள்ளிக்கூட மணியை நினைத்துக்கொண்டால் விஷயம் புரியும். மணி ஒன்றுதான். அதைக் கேட்டு ஆறாம் வகுப்பு டிரில் பீரியடுக்கு ஓடுகிறது, பத்தாம் வகுப்பு பரீட்சைப் பேப்பரைக் கட்டிக் கொடுக்கிறது, சத்துணவுக் கூடத்தில் தட்டு எடுக்கிறார்கள். மணிக்குள் டிரிலும் இல்லை, பரீட்சையும் இல்லை, சோறும் இல்லை. எந்த வகுப்பு, எந்த நேரம் என்பதில் இருக்கிறது. நியூரோபிளாஸ்டிலும் அப்படியே: கட்டத்தில் எந்த இடம், பிறந்து எவ்வளவு நேரம் ஆனது, பிறந்த இரட்டையரில் நாட்ச் கிடைத்தவரா கிடைக்காதவரா, இதெல்லாம் தெரியாமல் ஹாக்ஸ் பெயரை மட்டும் சொல்லி எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இதற்கு எதிர்வாதம் இருக்கிறது, அதுவும் பலமானது. ஆண்ட்ரியாஸ் புரோகோப்பும் கெர்ட் டெக்னாவும் 1994-ல் செய்த மாற்று நடவுச் சோதனை: கருவின் மிகத் தொடக்கத்திலேயே நரம்பாகப் போகும் செல்களை மார்பிலிருந்து வயிற்றுக்கும் வயிற்றிலிருந்து மார்புக்கும் இடம் மாற்றி வைத்தார்கள். 1-1 நியூரோபிளாஸ்ட், புது வீட்டுக்குப் போயும் பிறந்த வீட்டு வழக்கத்தையே விடவில்லை. அந்த நினைவுக்கு ஹாக்ஸ் ஜீன்கள் காரணம். அதேபோல 2012-ல் பழ ஈயின் 25 நரம்பு வம்சங்களையும் அலசியபோது, அல்ட்ராபைதோராக்ஸை நீக்கினால் பின்கண்டத்து நரம்புச் செல்கள் உருவத்திலும் உயிர்பிழைப்பதிலும் முன்கண்டத்துச் செல்கள் போலவே ஆகின்றன என்று தெரிந்தது. "பார்த்தீர்களா, இதுதானே மாஸ்டர் சுவிட்ச்!" என்பார்கள்.

அவசரப்படக் கூடாது. அதே 2012 ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. அல்ட்ராபைதோராக்ஸ் ஒரு கண்டத்துக்குள் எல்லாச் செல்லிலும் பூசிவிட்டது போல இல்லை. சில வம்சங்களில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. ஒரே வம்சத்தின் இரண்டு பாதிகளில் ஒரு பாதியில் மட்டும்கூட இருக்கிறது. கண்டம் முழுவதையும் ஒரேயடியாகத் தீர்மானிக்கும் ஜீன் என்றால் பாதி வீட்டுக்கு மட்டும் கரண்ட் கொடுக்குமா? ஹாக்ஸ் ஜீன் தேவையில்லை என்று இங்கே யாரும் வாதாடவில்லை. தேவை என்பது வேறு, தீர்மானிப்பது என்பது வேறு. கார்பரேட்டர் இல்லாவிட்டால் பழைய பைக் ஓடாது. அதற்காக வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்று கார்பரேட்டர் தீர்மானிக்கிறதா?

"மாணவர்களுக்கு எளிமையாகச் சொல்ல வேண்டாமா?" என்பது அடுத்த சமாதானம். எளிமையாகச் சொல்லலாம், தப்பாகச் சொல்லக் கூடாது. 'ஒரே தாய்ச்செல், ஒரே ஜீன் தொகுப்பு; ஆனால் மார்பில் நூறு பிள்ளை, வயிற்றில் பத்து, ஏன்?' என்று கேட்டால் பத்தாம் வகுப்புப் பையனுக்குக்கூட யோசிக்க வரும். 'மாஸ்டர் சுவிட்ச்' என்ற சொல் அந்தக் கேள்வியையே வரவிடாமல் செய்கிறது. பிறகு அதே பையன் பெரியவனாகி "புத்திசாலித்தனத்துக்கான ஜீன்", "குற்றம் செய்யும் ஜீன்" என்று பத்திரிகையில் படிக்கும்போது கேள்வி கேட்காமல் தலையாட்டுவான். ஒரு ஜீன், ஒரு அதிகாரம் என்று சின்ன வயதிலேயே பழக்கிவிட்டோமே! ஒரு ஈயின் ஒரு கண்டத்துக்குள் பக்கத்துப் பக்கத்துச் செல்லிலேயே ஒரு ஜீனுக்கு ஒரே அர்த்தம் கிடையாது என்று தெரிந்தவனிடம் இந்த வியாபாரம் நடக்காது.

இதெல்லாம் சோதனைக்கூடத்துப் பழ ஈயில் மட்டும் நடக்கும் விநோதம் என்று ஒதுக்கவும் முடியாது. லண்டன் கிங்ஸ் காலேஜின் டேரன் வில்லியம்ஸ் குழு 2020-ல் பறக்கும் திறனை இழந்துவிட்ட இரண்டு ஈ இனங்களைப் பார்த்தது. ஒன்று தேனீயின் உடம்பில் தொற்றிக்கொண்டு வாழ்வது, இறக்கையே இல்லாதது. இன்னொன்று ஸ்விஃப்ட் பறவையின் மேல் வாழ்வது. பறப்பதோடு தொடர்புடைய சில அரை வம்சங்களில் அவற்றுக்குச் செல்கள் குறைந்திருந்தன. தாய்ச்செல்களின் கட்டத்தை அழித்து எழுத வேண்டியிருக்கவில்லை. பிறந்தபின் யார் பிழைப்பது, யார் சாவது என்ற கணக்கு, அதுவும் குறிப்பிட்ட வம்சங்களில் மட்டும், மாறியிருக்கிறது. அதே குழு பழ ஈயில் வழக்கமாகச் செத்துப்போகும் செல்களைச் சாகவிடாமல் காப்பாற்றியும் பார்த்தது. அவை நரம்பு நீட்டி, உயிருள்ள சாதாரண நரம்புச் செல் போலவே மின்துடிப்போடு இயங்கின. அதாவது ஒவ்வொரு கண்டத்திலும் செத்துப்போகிறவை கழிவு அல்ல. இன்னொரு கண்டத்திலோ, இன்னொரு பூச்சியிலோ வேலைக்கு வரக்கூடியவை.

இப்போது ஆண் பழ ஈயின் நரம்பு வடம் முழுவதும், சுமார் 23,000 நரம்புச் செல்கள், இணைப்பு இணைப்பாக வரையப்பட்டு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எந்தச் செல் எந்த வம்சம், அடுத்த கண்டத்தில் அதன் ஜோடி எது என்றெல்லாம் குறித்துவைத்திருக்கிறார்கள். ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்துகொண்டே ஒரு வம்சத்தை மார்பில் ஒரு தடவை, வயிற்றில் ஒரு தடவை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். செமஸ்டர் பரீட்சைக்கு இது வராது. அங்கே இந்த வருஷமும் "ஹாக்ஸ் ஜீன்: சிறுகுறிப்பு வரைக" என்றுதான் கேட்பார்கள்.